மீன்கடையில் பின்மார்க் மண்

லண்டன் தோர்ண்டன் ஹீத்தில் மீன் வாங்கும் தமிழர்களில் சிவனேஸ்வரி அக்காவிடம் பேச்சு வாங்காதவர் யாராவது இருந்தால், அவர் இன்னும் அந்தக் கடைக்குப் போகவில்லை என்று அர்த்தம். நான் முதல் நாளே வாங்கினேன். மலேசியாவில், ஈப்போவில் பிறந்து வளர்ந்தவள் நான். எங்கள் பக்கம் தெங்கிரி என்றால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அந்த நினைப்பில் "தெங்கிரி இருக்காக்கா?" என்று கேட்டுவிட்டேன். அவர் கத்தியைப் பலகையில் வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அப்பிடி ஒரு மீனை நான் என்ரை வாழ்க்கையிலை கேள்விப்படேல்லை. எது எண்டு காட்டும் பாப்பம்."

கண்ணாடிக்கு மேலே விரலை வைத்துக் காட்டினேன்.

"உது அறக்குளா. பேரும் தெரியாது, ஆனா மீன் மட்டும் வேணும். எத்தினை துண்டு?"

கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போயிருக்கலாம். போகவில்லை. மீன் அவ்வளவு நன்றாக இருந்தது. அடுத்த சனிக்கிழமையும் போனேன், அதற்கடுத்ததும் போனேன். ஏழெட்டு வருடமாகப் போய்க்கொண்டிருக்கிறேன். அக்காவுக்கு நன்றி சொல்ல வேண்டிய காரியம் ஒன்று எனக்கு இருக்கிறது. நேரில் சொல்லப் போனால் "போம், போம், போய் வேலையைப் பாரும்" என்று விரட்டிவிடுகிறார். வாயால் வாங்கமாட்டேன் என்கிறவரிடம் எழுத்தில்தான் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அதனால் இதை எழுதுகிறேன்.

கடை அவருடையதும் அவர் கணவர் பாலேந்திரா அண்ணையுடையதும். அண்ணை பின்னால் நின்று மீன் வெட்டுவார். அவர் அதிகம் பேசுவதில்லை. பேச வேண்டியதையெல்லாம் அக்காவே பேசி முடித்துவிடுவதால் அவருக்கு மிச்சம் எதுவும் கிடைப்பதில்லை. கடைக்குள்ளே ஆள் நுழைகிற அளவில் ஒரு குளிர் அறை, அதற்குள் மீன் உறைந்தே கிடக்கும். பின் வளவில் ஒரு கொட்டகை, அதற்குள் மேல்மூடி திறக்கும் இரண்டு பெரிய உறைபெட்டிகள். சரக்கு கூடுதலாக வந்தால் அங்கே போகும். இந்தக் கொட்டகையும் பெட்டிகளும் பின்னால் முக்கியம், ஆகையால் இப்போதே சொல்லிவைக்கிறேன்.

என் பெயர் ஷாமளா. லண்டனில் ஒரு கல்லூரியில் மண்ணை ஆராய்கிறேன். இந்தப் படிப்புக்கு உதவித்தொகை கிடைத்ததும் எங்கள் அத்தை, "ஒரு மண்ணும் தெரியாதவ மண்ணைப் படிக்கப் போறாளாம்" என்று குடும்பம் முழுக்கச் சொல்லிச் சிரித்தார். படித்த பிறகும் நிலைமை பெரிதாக மாறிவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் நான் எடுத்துக்கொண்ட மண் சாதாரண மண் இல்லை. வருடம் முழுவதும் உறைந்தே கிடக்கும் துருவப் பக்கத்து மண். வேலைக்காக அங்கே போகத் தொடங்கிய வருடம், உறைந்த மண்ணை லண்டன்வரை கொண்டுவர நல்ல பெட்டிகள் தேவைப்பட்டன. மீன் வருகிற வெள்ளைப் பெட்டிகள், அவர்கள் ரெஜிபோம் பெட்டி என்பார்கள், அக்காவின் கடை வாசலில் குவிந்து கிடக்கும். நாலைந்து கேட்டேன்.

"என்னத்துக்கு?"

"மண்ணு கொண்டு வரணும்கா. உறைஞ்ச மண்ணு."

"ஏன், லண்டனிலை மண் இல்லையோ?"

"இது நோர்வேயோட வடக்குக்கா. பின்மார்க்குன்னு ஒரு இடம். உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது."

தெரிந்திருக்காது என்று சொன்ன என் வாயை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. பின்னால் மீன் வெட்டிக்கொண்டிருந்த பாலேந்திரா அண்ணை சத்தமாகச் சிரித்தார். அவர் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அக்கா கையைத் துடைத்துக்கொண்டு நோர்வே மொழியில் என்னிடம் ஏதோ கேட்டார். நான் முழித்தேன்.

"பாசையும் தெரியாமல் அங்கை போய் என்ன செய்யப்போறீர்?" என்றார் தமிழில். பிறகு கடையில் ஆள் இருக்கிறதே என்றுகூடப் பார்க்காமல் பேசத் தொடங்கினார்.

பாலேந்திரா அண்ணை எண்பதுகளின் கடைசியில் நோர்வே போய்ச் சேர்ந்தவர். ஒஸ்லோவில் வேலை இல்லை. வடக்கே, வரைபடத்தின் உச்சியில், மீன் தொழிற்சாலைகளில் ஆள் இல்லாமல் தவித்தார்கள். உள்ளூர்ப் பிள்ளைகள் தெற்கே ஓடிக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஆட்கள் வடக்கே ஏறினார்கள். ஒரு சின்னத் துறைமுக ஊரில் கொட் மீனைப் பிளந்து எலும்பெடுக்கிற வேலை அண்ணைக்குக் கிடைத்தது. இரண்டு வருடம் கழித்து, கல்யாணம் பேசி, சிவனேஸ்வரி அக்காவை அங்கே கூப்பிட்டார். அக்கா போய் இறங்கியது மார்கழி மாதம்.

"ஒரே இருட்டு. பகல் எப்ப வரும் எண்டு இவரைக் கேட்டன். அடுத்த மாசம் எண்டார்," என்றார் அக்கா. "அண்டைக்கே திரும்பிப் போயிருப்பன். போறதுக்கு இடமில்லை."

போகவில்லை. அண்ணைக்குப் பக்கத்தில் நின்று அவரும் மீன் பிளந்தார். அண்ணையைவிட வேகமாகப் பிளந்தார் என்பது அக்காவின் கட்சி. அண்ணை மறுப்பதில்லை. மகள் ஜதுர்ஷிகா பிறக்கிற அன்று பனிப்புயல் அடித்துப் பாதையை மூடிவிட்டார்கள். பனி தள்ளும் லொறிக்காரர் ஒருவர் தன் லொறியை முன்னே விட்டுப் பாதை வெட்டிக்கொண்டே போக, இவர்கள் கார் அதன் பின்னால் ஊர்ந்து ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தது. ஜதுர்ஷிகா இப்போது பர்மிங்காமில் மருந்தாளராக இருக்கிறாள். அவள் பள்ளிக்கூடம் போகிற வயதில்தான், அக்காவின் சொந்தக்காரர் பலர் இங்கே இருந்ததால், குடும்பம் லண்டனுக்கு மாறியது.

கோடையில் அந்த ஊருக்குப் பின்னால் போனால் மரமே இல்லாத வெளி. மரம் என்று அந்த ஊர்க்காரர்கள் காட்டியது அக்காவின் முழங்காலுக்குக்கூட வரவில்லையாம். தரை முழுக்கப் பாசி. கால் வைத்தால் மெத்தை. அதற்குள்ளே சின்னச் சின்னச் செடிகளில் சிவப்பாக ஒரு பழம் கிடக்கும். நல்ல புளிப்பு. ஒஸ்லோவிலிருந்து யாராவது வந்தால்தான் பழப்புளி வரும், அதுவும் ஒரு உருண்டை. அக்கா அந்தச் சிவப்புப் பழத்தை வாளியில் பொறுக்கி வந்து கரைத்து மீன்குழம்பு வைத்தார். ஊரிலிருந்த தமிழ்க் குடும்பங்கள் எல்லாம் அதையே பழகிக்கொண்டன.

"உப்பும் அந்தக் கடல் தந்தது, மீனும் அந்தக் கடல் தந்தது, புளி அந்த நிலம் தந்தது. அரிசி மட்டும்தான் காசுக்கு வாங்கினது," என்றார் அக்கா. நான் கேட்ட பெட்டிகளோடு இன்னும் இரண்டு கூடக் கிடைத்தன.

அதற்குப் பிறகு ஒவ்வொரு கோடையும் நான் திரும்பி வந்ததும் அக்காவிடம் போய் போனில் படம் காட்ட வேண்டும். இது எழுதப்படாத சட்டம். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துச் செடிகளை அடையாளம் சொல்வார். ஒரு வருடம், ஓடைக்கரையில் இடுப்பளவு வில்லோப் புதருக்குள் நான் நிற்கிற படத்தைக் காட்டினேன்.

"நீர் குந்தி இருந்து எடுத்தனீரோ?"

"இல்லைக்கா, நின்னுக்கிட்டுத்தான் எடுத்தேன். இப்ப இவ்வளவு உயரம் வளருது."

நம்பவில்லை. அண்ணையைக் கூப்பிட்டுக் காட்டினார். அண்ணை கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

நான் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். சூடு கூடக்கூட அங்கே குட்டையாக இருந்த வில்லோ மரமும் பேர்ச் மரமும் நிமிர்ந்து வளர்கின்றன. உயர்ந்த புதர் குளிர்காலத்தில் பனியைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. பனி கனமாகக் கிடந்தால் அடியில் இருக்கும் மண்ணுக்கு மேலே உள்ள கடுங்குளிர் இறங்காது. குளிர்காலத்தில் சரியாக உறையாத மண், கோடையில் இன்னும் ஆழமாக உருகுகிறது. உருகினால் புதருக்கு இன்னும் சத்து, இன்னும் உயரம். நிழல் விழுந்த இடத்தில் பாசியும், பாசிபோலப் படரும் லைக்கனும், அந்தப் பழச்செடிகளும் ஒதுங்கிப் போகின்றன.

"போர்வைக்குள்ளை கிடந்தா ஆருக்குத்தான் குளிரும்," என்றார் அக்கா. அவருக்கு விளங்கிவிட்டது. பிடிக்கவில்லை என்பதும் முகத்தில் தெரிந்தது.

என் மண்ணைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அங்கே சதுப்பு நிலத்தில் ஆள் உயரத்துக்கும் மேலான மேடுகள் உண்டு. அவற்றைப் பல்சா என்பார்கள். மேலே கரிய இலைமக்கு மண், உள்ளே பனிக்கட்டி. அந்தப் பனிக்கட்டிதான் மேட்டைத் தூக்கி நிறுத்தியிருக்கிறது. ஆயிரக்கணக்கான வருடமாக இறந்துபோன பாசியும் வேரும் இலையும் அழுகாமல் அதற்குள்ளே அப்படியே கிடக்கின்றன. உருகினால் நுண்ணுயிர்கள் விழித்துக்கொண்டு தின்னத் தொடங்கும். கரியமில வாயுவும் மீத்தேனும் மேலே வரும். அது உலகத்தை இன்னும் சூடாக்கும். எவ்வளவு வரும், எவ்வளவு வேகமாக வரும் என்பதுதான் என் கேள்வி. ஒரே மேட்டிலிருந்து இரண்டு கோடையில் உருளை உருளையாக மண்ணைத் துளைத்து எடுத்து, உறைநிலை கெடாமல் லண்டன் கொண்டுவந்து வைத்தேன். முதல் கோடையின் மண்ணை அளவான சூட்டில் உருக்கிப் பார்த்தபோது நாங்கள் எதிர்பார்த்ததைவிட அதிகம் வாயு வந்தது. அது உண்மையா, எங்கள் தவறா என்று சொல்ல இரண்டாம் கோடையின் மண்தான் சாட்சி.

மூன்றாம் கோடை போனபோது அந்த மேடு இல்லை. உள்ளே இருந்த பனி உருகி மேடு வெடித்துச் சரிந்து, பழுப்புத் தண்ணீர் நிற்கும் குளமாகியிருந்தது. கரையில் பஞ்சுப் புல் மட்டும் வெள்ளையாக ஆடிக்கொண்டிருந்தது. அடையாளத்துக்கு நான் நட்ட கம்பு தண்ணீருக்குள் சாய்ந்து நின்றது. கரையில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். இனி லண்டனில் எங்கள் கல்லூரிக் குளிர் அறையில் இருந்த அந்த உருளைகள்தான் அந்த மேட்டின் மிச்சம். அவை ஒருமுறை தானாக உருகினால் கதை முடிந்தது. திரும்ப உறைய வைக்கலாம், ஆனால் அதற்குள் நுண்ணுயிர்கள் தின்னத் தொடங்கியிருக்கும். பிறகு அளந்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. இதை மீன்கடைக்காரர்களுக்கு விளக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

இனி அந்த ஜூலை. லண்டனில் நாற்பது பாகை வெயில் அடித்த அந்த இரண்டு நாளை இங்கே இருந்த யாரும் மறக்கமாட்டார்கள். ஆடிப்பிறப்புக்கு மறுநாள், திங்கட்கிழமை, நான் வேலைக்குப் போனால் எங்கள் குளிர் அறையின் கதவில் சிவப்பு விளக்கு எரிகிறது. மைனஸ் இருபது இருக்க வேண்டிய இடத்தில் மைனஸ் பன்னிரண்டு. இயந்திரம் இழுத்து இழுத்து ஓய்ந்துவிட்டது. பக்கத்து ஆய்வகங்களில் கெஞ்சினேன். எல்லார் பெட்டியும் நிரம்பி வழிந்தது. எல்லாருக்கும் அவரவர் பயம். வாடகைக்குக் குளிர்வண்டி தருகிறவர்களிடம் ஒரு வண்டிகூட மிச்சமில்லை. எண் மைனஸ் பதினொன்றானது.

பாலேந்திரா அண்ணைக்குப் போன் போட்டேன். மூச்சுவிடாமல் சொன்னேன்.

"ஓம் பிள்ளை, மீன் ஏத்துற வானைக் கொண்டு வாறன்," என்றார். அவ்வளவுதான். போனை வைக்குமுன் பின்னால் அக்காவின் குரல் கேட்டது.

"ஆரைக் கேட்டு ஓம் எண்டனீங்கள்?" போன் கை மாறியது. "என்ன ஷாமளா? சாப்பாட்டு மீன் வைச்சிருக்கிற அறைக்குள்ளை மண்ணோ? கவுன்சில்காரன் வந்தா கடையைப் பூட்டிப்போட்டுத் திறப்பை உம்மட்டைத் தந்திட்டுப் போவான். விசரே உமக்கு?"

அவர் சொன்னதில் தவறே இல்லை. எனக்கு அழுகைதான் வந்தது.

"அழாதையும். கொட்டகைக்குள்ளை ரெண்டு பெட்டியும் வெறுமையாக் கிடக்கு. அதுக்குள்ளை வையும். ரெண்டு பை போட்டு வடிவாச் சுத்திக் கட்டிக்கொண்டு வாரும். ஒரு துணிக்கை மண் என்ரை மீனிலை படக்கூடாது."

அந்தப் பெட்டிகள் ஏன் வெறுமையாகக் கிடந்தன என்று சொல்ல வேண்டும். இன்னும் இரண்டு கிழமையில் நல்லூர் முருகன் கோயிலில் கொடியேற்றம். யாழ்ப்பாணத்தில் கொடி ஏறினால், தோர்ண்டன் ஹீத்தில் மச்சம் இறங்கிவிடும். திருவிழா நடக்கிற இருபத்தைந்து நாளும் பாதிச் சனம் மீனைத் தொடாது. கடலுக்கு இந்தப் பக்கம் வந்த பிறகு விரதம் இன்னும் கடுமையாகிவிட்டது. ஆகையால் அக்கா ஆடி பிறக்கும்போதே கொட்டகைச் சரக்கை முடித்துவிடுவார். கொடிக்கு முந்தின வார இறுதியில் எல்லாரும் கடைசியாக ஒரு பிடி பிடிப்பார்களே, அதற்கான நல்ல மீன் மட்டும் குளிர் அறைக்குள் இருக்கும். பெட்டிகளை அன்று பின்னேரம் நிறுத்திக் கழுவ இருந்தார்கள். ஒரு நாள் பிந்தியிருந்தால் இரண்டும் வெயிலில் வாய் பிளந்து காய்ந்துகொண்டிருக்கும். முருகனே என்று கையெடுத்துக் கும்பிட்டேன். நான் அடிக்கடி கோயிலுக்குப் போகிற ஆள் இல்லை.

மத்தியானத்துக்குள் உருளைகள் எல்லாம் கொட்டகைக்கு வந்துவிட்டன. வெப்பம் காட்டும் கருவியை உள்ளே வைத்து, அதன் சின்னத் திரையை வெளியே மூடிக்கு மேல் ஒட்டினேன். அக்கா ஒவ்வொரு பொதியையும் தடவி, முடிச்சுச் சரியாக இருக்கிறதா என்று பார்த்தே உள்ளே விட்டார். இரண்டு முடிச்சுகளை அவிழ்த்துத் திரும்பக் கட்ட வைத்தார்.

மறுநாள் செவ்வாய். வெயிலின் உச்சம். கல்லூரியில் எந்திரக்காரருடன் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்போது அண்ணையின் போன் வந்தது.

"பிள்ளை, கடைக் குளிர் அறை நிண்டிட்டுது. கொம்பிரசர் பழுதாப் போட்டுது. திருத்திற ஆள் நாளைக்குத்தான் வருவாராம். கெதியா வாங்கோ." பின்னால் ஒரே இரைச்சல். இணைப்பு அறுந்துவிட்டது. திரும்பப் போட்டேன், யாரும் எடுக்கவில்லை.

யோசிக்கவே தேவையில்லை. குளிர் அறை நின்றுவிட்டது, கொடிக்கு முந்தின வியாபாரம் முழுவதும் அதற்குள்ளே. அறக்குளா, பாரை, இறால், நண்டு. அதற்குப் பிறகு ஒரு மாதம் கடை தூங்கும். வேலை செய்கிற உறைபெட்டி இரண்டே இரண்டுதான், இரண்டுக்குள்ளும் என் மண். யாராக இருந்தாலும் மண்ணை எடுத்து வெளியே வைத்துவிட்டு மீனை உள்ளே வைப்பார்கள். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்வேன். அவர்கள் பிழைப்பு அது.

தண்டவாளம் வளைந்துவிடும் என்று ரயில்களை நிறுத்தியிருந்தார்கள். பிரிக்ஸ்டன் வரை நிலக்கீழ் ரயிலில் வந்து பஸ் பிடித்தேன். பஸ் ஸ்ட்ரெத்தமில் அசையவே இல்லை. ஜன்னல் கண்ணாடி சுட்டது. வழி முழுக்க நான் மனதுக்குள் செய்தது ஒன்றே ஒன்று: கொட்டகைத் தரையில் என் பொதிகள் வியர்த்துக் கிடப்பதைப் பார்த்ததும் என்ன சொல்ல வேண்டும் என்று ஒத்திகை. "பரவாயில்லைக்கா" என்று சொல்ல வேண்டும். முகம் கோணாமல் சொல்ல வேண்டும். அவர்கள் ஒரு நாள் இடம் கொடுத்ததே பெரிது.

கடையின் இரும்புக் கதவு பாதி இறங்கியிருந்தது. குனிந்து உள்ளே போனேன். கண்ணாடிப் பெட்டி வெறுமை. குளிர் அறைக் கதவு அகலத் திறந்து, உள்ளே ஒன்றுமில்லை. பின் வளவிலிருந்து சத்தமும் வாசமும் வந்தன. செத்தல் மிளகாய், புளி, நண்டு, பனங்கிழங்கு இடித்த ஒடியல் மா. கூழ் வாசம். நான் யாழ்ப்பாணத்து ஆள் இல்லை, ஆனால் அக்கா வீட்டில் குடித்திருக்கிறேன்.

வளவில் ஐம்பது பேருக்குக் குறையாது. கோயில் அன்னதானத்துக்கு வைக்கிற பெரிய கிடாரம் காஸ் அடுப்பில் ஏறியிருந்தது. அக்காவின் சிநேகிதி நாகேஸ்வரி அன்ரி ஒரு மூலையில் இருந்து பயற்றங்காய் முறித்துக்கொண்டிருந்தார். கொழுத்தும் வெயிலில், கொதிக்கக் கொதிக்கக் கூழை, பேப்பர் கப்பில் ஊற்றி ஊற்றிக் குடிக்கிறார்கள். நெற்றியிலிருந்து வியர்வை கப்புக்குள் சொட்டுகிறது, யாரும் கவலைப்படவில்லை. வாசல் பக்கமாகப் போகிறவர்கள் கையில் எல்லாம் காசில்லாமல் கொடுத்த மீன் பை. அக்கா அகப்பையை ஓங்கியபடி அவர்களுக்குக் கட்டளை போட்டுக்கொண்டிருந்தார்.

"இண்டைக்கே சமைச்சுப் போடுங்கோ. திருப்பி உறைய வைச்சீங்களெண்டா பேந்து என்ரை கடைப் பக்கம் வரக்கூடாது."

நான் யாரையும் பார்க்காமல் கொட்டகைக்குப் போனேன். கதவுக்குக் கம்பளி தொங்கவிட்டிருந்தது. உள்ளே தரையில் எதுவும் இல்லை. இரண்டு பெட்டிகளும் மூடியிருந்தன. மேலே பழைய மெத்தை விரிப்புகள், பின்பக்கம் சூட்டை விரட்ட ஒரு மின்விசிறி. விரிப்பை விலக்கித் திரையைப் பார்த்தேன். மைனஸ் பத்தொன்பது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அழுதேன் என்று சொல்லத் தேவையில்லை; இந்தக் கதையில் நான் வேறு என்னதான் செய்கிறேன்.

பாலேந்திரா அண்ணை கதவடியில் வந்து நின்றார். சட்டை நனைந்து ஒட்டியிருந்தது.

"உங்களுக்குப் போன் எடுத்துப்போட்டு நான் மண்ணை வெளியிலை எடுக்கத்தான் வந்தனான் பிள்ளை. பொய் சொல்லேலாது. மூடியையும் திறந்திட்டன். அவதான் வந்து கையைப் பிடிச்சவ."

"அக்காவா?"

"ஓம். மூடுங்கோ, குளிர் போகுது எண்டு பேச்சு. பேந்து கிடாரத்தை எடுக்க என்னைக் கோயிலுக்கு அனுப்பினவ."

ஏழெட்டு வருடமாக நான் அண்ணையை நல்லவர் என்றும் அக்காவைப் பொல்லாதவர் என்றும் பிரித்து வைத்திருந்தேன். படித்தவள் என்று பெயர். எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு கிடாரத்தடிக்குப் போனேன். அக்கா என்னைத் திரும்பிப் பார்க்காமல் கிண்டிக்கொண்டிருந்தார். "பரவாயில்லைக்கா" என்று ஒத்திகை பார்த்து வந்த வாயில் வேறு வார்த்தைதான் வந்தது.

"ஏன்கா இப்படிப் பண்ணீங்க? அத்தனையும் நல்ல மீனு. கொடி ஏறினா இனி வியாபாரமும் இல்லை."

"மீன் கடலிலை இன்னும் கிடக்கு. கொடி இறங்கினா வாங்கி விப்பம்." அகப்பையால் ஒரு நண்டைத் தூக்கிப் பார்த்துத் திரும்ப உள்ளே விட்டார். "உம்மடை அந்த மேடு எங்கை கிடக்கு? சொல்லும் பாப்பம்."

"இல்லைக்கா. குளமாப் போச்சு."

"பேந்தென்ன கேள்வி?"

நான் விடவில்லை. நின்றுகொண்டே இருந்தேன். அவர் கிண்டுவதை நிறுத்திவிட்டு, முதல் தடவையாக, திட்டுகிற குரல் இல்லாத ஒரு குரலில் பேசினார்.

"நாங்கள் அங்கை போய் இறங்கேக்கை எங்களுக்கெண்டு ஒரு இடமும் இல்லை, ஷாமளா. ஆர், எவை, எத்தினை நாளைக்கு நிப்பியள் எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை. வீட்டுத் திறப்பைத் தந்து, அடுப்பை மூட்டி விட்டிட்டுப் போச்சினம். இப்ப அந்த நிலம் இருக்க இடமில்லாமல் என்ரை வீட்டை வந்து நிக்குது. வெளியிலை நில் எண்டு சொல்லச் சொல்லுறீரோ?"

நன்றி என்றேன். உண்மையாகவே சொன்னேன். அது அவர் காதில் விழுந்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. ஒரு கப்பை எடுத்து நிறையக் கூழ் ஊற்றி என் கையில் வைத்தார். கப் சுட்டது.

"குடியும்," என்றார். "ஆற விட்டா நல்லா இராது."

வெயிலில் நின்று, வியர்வை எது கண்ணீர் எது என்று தெரியாமல், கப்பில் ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்தேன். அவர் திரும்பவும் ஊற்றினார். அதையும் குடித்தேன்.